வெளியே விட்டால் போதாது, மேலே விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்கழி பிறந்துவிட்டால் கேஸ் கீசர் செய்தி ஒன்றாவது பேப்பரில் வந்துவிடுகிறது. குளிக்கப் போனவர் வரவில்லை, கதவை உடைத்துப் பார்த்தார்கள், கீசர் எரிந்துகொண்டே இருந்தது என்று படிக்கும்போதே மனசு பதறுகிறது. செய்தியின் கடைசியில் வழக்கமாக ஒரு வரி இருக்கும், புகையை வெளியேற்றக் குழாய் வைக்க வேண்டும் என்று. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வெளியே என்றால் எங்கே? நம்ம வேலூரில் பாதித் தெருக்களில் சுவரைக் குடைந்து குழாயை வெளியே விட்டால் அது பார்ப்பது பக்கத்து வீட்டு ஜன்னலைத்தான். நானும் அப்படித்தான் விட்டிருந்தேன். இரண்டு வருடம் விட்டிருந்தேன். கடிதம் கொஞ்சம் நீளம், ஆனால் சுருக்கினால் விஷயம் போய்விடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தோட்டப்பாளையத்தில் இருக்கிறேன். அரசு பஸ்சில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கைக்கு வந்த பணத்தைப் போட்டு மாடியில் மூன்று ரூம் கட்டி, ஆஸ்பத்திரிக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கெங்கிருந்தோ வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்கள். ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களுக்கு உடம்பு துடைக்க, குளிக்க வெந்நீர் வேண்டும், அதனால் வெந்நீர் இல்லாத ரூமை யாரும் எடுப்பதில்லை. கரண்ட் கீசர் போட்டால் பில் கட்டி மாளாது என்று எல்லோரும் சொன்னதால் மூன்று ரூமுக்கும் பொதுவான பாத்ரூமில் கேஸ் கீசர் போட்டேன். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் தரும் சாதாரண கீசர்தான்.

அது எவ்வளவு பெரிய நெருப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆறு லிட்டர் தண்ணீரை ஒரே நிமிடத்தில் 25 டிகிரி சூடேற்ற வேண்டுமென்றால் பத்து கிலோவாட்டுக்கு மேல் சூடு வேண்டும். சமையலறை அடுப்பில் நாலைந்து பர்னரை ஒன்றாக முழுசாகத் திறந்து வைத்த மாதிரி. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் மூன்று கிலோ கரியமில வாயுவும் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவியும் வெளியே வருகின்றன. ஒரு சிலிண்டரில் 14.2 கிலோ இருக்கிறது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இதெல்லாம் கீசர் ஒழுங்காக எரிகிற நாளில். பர்னரில் தூசியும் கரியும் அடைத்து, நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக எரியத் தொடங்கினால் கூடவே கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவும் வருகிறது. சிலிண்டர் கேஸ் கசிந்தால் மூக்கில் அடிக்கும், ஏனென்றால் தெரிவதற்காகவே அதில் நாற்றம் சேர்த்து அனுப்புகிறார்கள். எரிந்து முடிந்த புகையில் அந்த நாற்றம் இருக்காது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் தலைசுற்றல், குமட்டல். வெளிக்காற்றுக்கு வந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். அதனால்தான் நிறைய பேர் இதைப் பித்தம் என்று நினைத்து எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கீசர் மாட்ட வந்தவர் நல்ல வேலைக்காரர்தான், இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார். சுவரில் துளை போட்டு, அலுமினியத் தாள் சுருள் குழாயைச் சொருகி, சந்துப் பக்கம் அரை அடி நீட்டி வைத்தார். அந்தப் பக்கம் அக்கா வீட்டு ஜன்னல் இருக்கிறதே என்று கேட்டேன். "இன்னா சார், சந்துதான, காத்து அடிச்சினு போயிடும்" என்றார். எனக்கும் அது போதுமாக இருந்தது. என் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் மூன்றடி சந்து. இரண்டு பக்கமும் இரண்டு மாடிச் சுவர். தெருப்பக்கம் ஒரு கதவு, பின்பக்கம் இன்னொரு வீட்டுச் சுவர். அது சந்துகூட இல்லை, மேலே மட்டும் திறந்திருக்கும் ஒரு பெட்டி. மார்கழி விடியற்காலையில் அதற்குள் ஒரு காற்று அசையாது.

அக்கா என்று நான் சொல்வது பக்கத்து வீட்டு அம்மாவை. முப்பது வருடப் பழக்கம், என் மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சோறு ஊட்டியவர். கீசர் மாட்டி இரண்டு மாதம் இருக்கும், ஒருநாள் மாடிக்கு வந்து, "தம்பி, உங்க பாத்ரூம் தண்ணி காயறப்பெல்லாம் எங்க ரூமுக்குள்ள சூடா வருது, பையனுக்குத் தலைவலின்றான்" என்றார். பையன் என்பது அவர் பேரன், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான், விடியற்காலை நாலரைக்கு எழுந்து அந்த ஜன்னலோரம்தான் உட்கார்ந்து படிப்பான். நான் என்ன சொன்னேன் என்றால், "புகை வெளியேதான் போகுதுக்கா, ஜன்னலைச் சாத்திக்கச் சொல்லுங்க" என்றேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அவர் வீட்டு ஜன்னலை நான் சாத்தச் சொன்னேன்.

எனக்குத் தெரியாத விஷயம் என்றும் சொல்ல முடியாது. வேலூர் திருவண்ணாமலை ரூட்டில் வருடக்கணக்கில் ஓடியிருக்கிறேன். பழைய வண்டிகளில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவர்கள் கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் கண் எரிகிறது, வாந்தி வருகிறது என்பார்கள். சைலன்சர் குழாய் வண்டிக்கு வெளியேதான் இருக்கிறது. ஆனால் ஓடுகிற வண்டிக்குப் பின்னால் காற்று சுழன்று பின் ஷட்டர் வழியாகப் புகையை உள்ளே இழுக்கும். அதைத் தினம் பார்த்த நானே என் வீட்டில் குழாய் வெளியே இருக்கிறது, வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

அக்கா மறுபடியும் இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை அவர் மகன் வந்து சத்தம் போட்டான். நானும் பதிலுக்குப் பேசினேன், என் சுவர், என் குழாய் என்று. அதோடு பேச்சு நின்றது. தீபாவளிக்குப் பலகாரத் தட்டு வரவில்லை, என் மனைவியும் அனுப்பவில்லை.

அப்புறம் நான் செய்ததுதான் பெரிய தப்பு. வாய்ச்சண்டை வேண்டாம், குழாய் அவர்கள் பக்கம் பார்க்காமல் இருந்தால் சரி என்று நினைத்து, நானே கடையில் ஒரு எல்போ வாங்கி வந்து குழாயின் வாயைக் கீழே தரையைப் பார்க்கத் திருப்பிவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நாலாவது நாள் மாடி ரூமில் தங்கியிருந்த ஒரு வங்காளத்து அம்மா, புருஷனுக்கு ஆபரேஷன் ஆகிக் கூட இருந்தவர், குளித்துவிட்டு வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்து, கண்ணைத் திறக்க முடியவில்லை. பாஷையும் புரியவில்லை, தலையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காற்றில் உட்கார வைத்தோம், அரை மணி நேரத்தில் தெளிந்தார், ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனோம். ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ள வந்தவரை நான் நோயாளியாக்கியிருப்பேன். இன்னும் ஐந்து நிமிடம் தாழ்ப்பாளுக்கு உள்ளே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் இன்றைக்கும் தூக்கம் வராது.

காரணம் ரொம்ப எளிது. விசிறி இல்லாத கீசரில் புகையைத் தள்ள ஆள் கிடையாது. சூடான புகை லேசாக இருப்பதால் தானாக மேலே ஏறுகிறது, அந்த ஏற்றம் மட்டும்தான் அதை வெளியே கொண்டுபோகிறது. வாயைக் கீழே திருப்பினால் ஏற்றம் செத்துவிடும், புகை வந்த வழியே திரும்பி கீசரின் தலைப்பக்கத் திறப்பு வழியாகப் பாத்ரூமுக்குள் இறங்கும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்காகக் குழாயைத் திருப்ப நினைக்கிறவர்கள் இதை முதலில் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். சும்மா வளைத்துவிட்டால் அங்கே போகிற புகை இங்கே வரும்.

அன்றைக்கே கீசரை மூடிவிட்டு அண்டாவில் வெந்நீர் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தோம். அந்தச் சமயத்தில்தான் மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போக வேண்டி வந்தது. நர்சிங் படித்துவிட்டு அங்கே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். நம்ம ஊரிலிருந்து இப்படிப் போன பிள்ளைகள் நிறைய பேர். டிசம்பர் குளிர். அங்கே வீட்டுக்கு வீடு பாய்லர் என்று ஒன்றைச் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள், குழாயில் வருகிற வெந்நீருக்கும் ரூமைச் சூடாக்குவதற்கும் அதுவே. கேஸில்தான் எரிகிறது. அதன் புகைக்குழாய் சுவரைத் தாண்டி வெளியே இருக்கும், குளிரில் அதிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பும். மகள் வீட்டிலும் அந்தக் குழாய் பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலைப் பார்த்தே இருந்தது! முன்னால் இருந்தவர்கள் மாட்டியது. பக்கத்து வீட்டுப் பெரியவர் சண்டைக்கு வரவில்லை, கதவு இடுக்கில் ஒரு சீட்டு எழுதிப் போட்டிருந்தார், ஆவி என் ஜன்னலில் அடிக்கிறது, சுவர் ஈரமாகிறது, வேறு பக்கம் மாற்ற முடியுமா என்று. நான் மகளிடம் வழக்கம்போல, அவர் ஜன்னலைச் சாத்தினால் என்ன என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அக்கா நினைப்பு வந்துவிட்டது.

அங்கே பாய்லரையும் அதன் குழாயையும் நினைத்தவர்கள் தொட முடியாது. கேஸ் சேஃப் என்று ஒரு பதிவேடு இருக்கிறது, 2009-லிருந்து நடப்பில் இருக்கிறது, அதில் பேர் உள்ளவர்கள் மட்டும்தான் வேலை செய்யலாம் என்பது சட்டம். வந்தவர் அடையாள அட்டையைக் காட்டினார், பின்பக்கத்தில் அவருக்கு எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அச்சடித்திருக்கிறது. இங்கிலாந்தின் கட்டட விதி வழிகாட்டியில் குழாய் வாய்க்கு அளவே கொடுத்திருக்கிறார்கள். விசிறி வைத்த பாய்லர் என்றால் திறக்கிற ஜன்னலிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர், எதிரே இருக்கும் எல்லையிலிருந்து 60 சென்டிமீட்டர். இப்போது வருகிற, ஆவி அதிகம் விடுகிற பாய்லராக இருந்தால் எதிர் ஜன்னலுக்கு இரண்டரை மீட்டராவது விடச் சொல்கிறார்கள். என் மூன்றடி சந்தை நினைத்துப் பார்த்தேன், ஒரு மீட்டர்கூட இல்லை.

அவர் செய்த வேலையைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பழைய துளையை அடைத்துவிட்டு, குழாயைச் சமையலறைக் கூரையோரமாக நீட்டி, பின்பக்கத் தோட்டத்துச் சுவர் வழியே வெளியே எடுத்தார். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய், உள்குழாயில் புகை போகிறது, வெளிக்குழாயில் காற்று வருகிறது, அதனால் வீட்டுக் காற்றை அது தொடுவதே இல்லை. குழாயை நேர்மட்டமாக வைக்காமல் பாய்லர் பக்கம் லேசாகச் சரித்தார், குளிர்ந்து சொட்டுகிற தண்ணீர் பாய்லருக்கே திரும்பி வடிகாலில் போவதற்காக. எத்தனை வளைவு என்று எண்ணினார். ஒவ்வொரு முழு வளைவுக்கும் இத்தனை நீளம் என்று கழித்து, அந்த பாய்லருக்குக் கம்பெனி சொன்ன மொத்த நீளத்தைத் தாண்டாமல் பார்த்தார். கூரைக்குள் மறைத்துக் கொண்டுபோவதாக இருந்தால் இணைப்பைப் பார்க்கத் திறப்பு விட வேண்டுமாம். கடைசியில் ஒரு கருவியின் ஊசியைக் குழாயில் சொருகி, புகையில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று அளந்து, பஸ் டிக்கெட் மாதிரி ஒரு சீட்டை அச்சடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். சமையலறையில் ஒரு சின்ன அலாரமும் இருக்கிறது, கார்பன் மோனாக்சைடு கூடினால் கத்தும். 2022 அக்டோபரிலிருந்து அங்கே வாடகை வீட்டில் பாய்லர் மாதிரி எரிகிற சாதனம் உள்ள ரூமில் அதை வைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. வீட்டுக்காரர் என்றால் என்னை மாதிரி ரூம் விடுகிறவர்.

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அக்கா வீட்டுக்குப் போனேன். பழசைப் பேசவில்லை. "அக்கா, அந்த ஜன்னல்கிட்ட கொஞ்ச நேரம் உக்காரணும்" என்றேன். எல்போவைக் கழற்றி, குழாயை முன்பு இருந்த மாதிரியே வைத்துவிட்டு, பாத்ரூம் கதவைத் திறந்து போட்டு, மனைவியை வெந்நீர் திருப்பச் சொல்லிவிட்டு நான் பையன் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன். கையில் ஒரு ஊதுபத்தி. முதலில் அதன் புகை நூல் பிடித்த மாதிரி நேராக மேலே போனது. கீசர் பற்றிக்கொண்ட சத்தம் சுவர் வழியே கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்த நூல் வளைந்தது, வளைந்து என் முகத்துக்கு நேராக, ரூமுக்குள் வந்தது. ஜன்னல் கம்பி வெதுவெதுப்பாக இருந்தது. கொசுவலையில் குழாய்க்கு நேராகத் தட்டு அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம், விரலால் தொட்டால் பிசுபிசுப்பு. என் கண்ணாடியில் ஆவி பூத்துவிட்டது. மேலே சன்ஷேடு. சுவரோரமாக ஏறுகிற புகை அதில் முட்டி, மேலே போக வழியில்லாமல் ஜன்னலுக்குள் மடங்குகிறது. அக்கா பின்னால் நின்றுகொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பையனுக்குத் தலைவலிக்குக் கண் டாக்டரிடம் காட்டிக் கண்ணாடி மாற்றியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது வலி இல்லை, லீவுக்குக் குடியாத்தம் மாமா வீட்டுக்குப் போனால் இல்லை, இந்த ரூமில் விடியற்காலை படிக்கும்போது மட்டும் வலி. இந்தப் புகையால்தான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது, யாரும் அளந்து பார்க்கவில்லை. ஆனால் குழாயை மாற்றிய பிறகு அவனுக்கு அந்த வலி வரவில்லை, அதை அவனே என்னிடம் சொன்னான்.

மாற்றிய விதத்தைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். அந்தச் சுருள் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டேன், மிதித்தால் நசுங்குகிற தாள் அது, வருடம் போனால் ஓட்டை விழும். தகரப் பட்டறையில் கீசரின் வாய் அளவுக்கு, சுருக்காமல், கெட்டியான ஜிஐ தகட்டில் குழாய் அடித்து வாங்கினேன். சில வீடுகளில் பிவிசி பைப்பையே சொருகி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், சூட்டில் இளகி இணைப்பு விட்டுவிடும். கீசர் தலையிலிருந்து முதலில் நேராக மேலே, கூரை வரை. அங்கே ஒரே ஒரு வளைவு. அப்புறம் சந்துப் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம், என் மொட்டை மாடிப் படிக்கட்டு இருக்கும் பக்கம் சுவரைத் தாண்டி, போகப் போக ஏறுமுகமாக. வெளியே வந்ததும் மறுபடி நேர் மேலே, கைப்பிடிச் சுவரைத் தாண்டி இரண்டு அடி உயரம். உச்சியில் மழைத்தண்ணீர் இறங்காமல் ஒரு தொப்பி, பறவை கூடு கட்டாமல் அகலக் கண் வலை. இரண்டு அடிக்கு ஒரு கிளாம்ப். ஒவ்வொரு இணைப்பிலும் ஊதுபத்தி காட்டிப் பார்த்தோம். கூலி, சாமான் எல்லாம் சேர்ந்து ஏழாயிரத்துக்குள் முடிந்தது. முன்பே செய்திருந்தால் இரண்டு வருடப் பகை மிச்சம்.

இன்னொரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. என் பாத்ரூம் வென்டிலேட்டரும் அதே சந்தில்தான் திறக்கிறது. அக்கா வீட்டுக்குப் போன புகையில் ஒரு பங்கு என் வென்டிலேட்டர் வழியாகத் திரும்பி வந்து, அந்தக் கெட்ட காற்றையே கீசர் மறுபடி இழுத்து எரிந்திருக்கிறது. காற்று கெட்டால் தீ கெடும், தீ கெட்டால் கார்பன் மோனாக்சைடு கூடும். நாம் பக்கத்து வீட்டுக்கு விடுகிறோம் என்று நினைக்கிற புகையைச் சந்து இரண்டு வீட்டுக்கும் பிரித்துக் கொடுக்கிறது.

உண்மையைச் சொன்னால் கீசரைப் பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டி, வெந்நீரை மட்டும் பைப்பில் உள்ளே கொண்டுவருவதுதான் எல்லாவற்றிலும் நல்லது. என் வீட்டு அமைப்பில் முடியவில்லை. முடிகிறவர்கள் அதைச் செய்யுங்கள், ஆனால் அந்த வெளி இடமும் சந்தாக இருக்கக்கூடாது, மறுபடி அதே கதைதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வக்கீல் நண்பரிடம் கேட்டேன். 1882-ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். தன் நிலத்துக்கு வருகிற காற்றை மற்றவர்கள் அளவுக்கு மீறிக் கெடுக்கக்கூடாது என்பது ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் உள்ள உரிமை என்று அதிலேயே உதாரணமாக எழுதியிருக்கிறது. 140 வருடத்துக்கு மேலாகச் சட்டத்தில் இருக்கிற விஷயம், என் சுவர் என் குழாய் என்று நான் பேசிய பேச்சுக்கு அங்கே இடமே இல்லை. அதைவிட என்னைத் தைத்தது வேறு. பாலாற்றைத் தோல் தொழிற்சாலைக் கழிவு கெடுத்ததற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது, கெடுத்தவர்தான் சரிசெய்கிற செலவை ஏற்க வேண்டும் என்று. நாடு முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் அந்தத் தீர்ப்பைக் காட்டுகிறார்கள், நம்ம ஊர் பேரோடு. ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல்ஷாப்புகளைப் பற்றி டீக்கடையில் மணிக்கணக்காகப் பேசுகிற நாம், மூன்றடி சந்தில் நாம் விடுகிற புகைக்கு அதே நியாயத்தை வைக்க வேண்டாமா? ஏழாயிரம் என் செலவு, அக்கா ஜன்னலைச் சாத்துவது அதற்கு மாற்று இல்லை.

கோர்ட்டுக்குப் போகச் சொல்லி இதை எழுதவில்லை. கோர்ட்டுக்குப் போனால் வருடங்கள் ஓடும், அதுவரை பையன் அந்தக் காற்றில்தான் படிக்க வேண்டும். குழாய் மாட்டுகிற அன்றைக்கே சரியாக மாட்டினால் இந்தப் பேச்சே இல்லை. அதற்குச் சிலர் மனசு வைக்க வேண்டும். கீசர் விற்கிற கடைக்காரர்கள், பில் போடுவதற்கு முன் புகைக்குழாய் எங்கே போகும் என்று ஒரு கேள்வி கேளுங்கள், பதில் இல்லாதவருக்கு விற்காதீர்கள். கேஸ் ஏஜென்சியிலிருந்து வீட்டுக்குச் சோதனைக்கு வருகிறவர்கள் ரெகுலேட்டரையும், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய டியூபையும் பார்க்கிறீர்கள், நல்லது, கீசர் இருக்கும் வீட்டில் அப்படியே நிமிர்ந்து குழாய் எங்கே முடிகிறது என்றும் பாருங்கள். மாநகராட்சியில் வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கிறவர்கள் பக்கவாட்டு இடைவெளியை அளக்கும்போது அந்த இடைவெளியில் புகைக்குழாய் திறக்கக்கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பிளம்பர் தம்பிகளே, வீட்டுக்காரர் சந்தில் விடச் சொன்னாலும் விடாதீர்கள், காரணத்தைச் சொல்லுங்கள், எனக்கு யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

முக்கியமாக என்னை மாதிரி ரூம் விடுகிறவர்களுக்கு. காகிதப்பட்டறை, தோட்டப்பாளையம், காந்தி ரோட்டுப் பக்கம் எத்தனை மாடியில் எத்தனை கீசர் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். குடித்தனக்காரர் வீட்டில் காலையில் இரண்டு பேர் குளிப்பார்கள். நம்மிடம் மூன்று ரூமில் எட்டு பேர், ஒருவர் பின் ஒருவராக, கோடையிலும் விடாமல். குளிர் காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தியாவது வைப்பார், சித்திரை வைகாசியில் வேலூர் வெயிலுக்கு எந்த ஜன்னலைச் சாத்துவார்? குளிக்க வருகிறவரும் புதிதாக வந்தவர், நம் கீசரின் குணம் தெரியாதவர், சிலருக்கு ஏற்கெனவே இதயமோ நுரையீரலோ சரியில்லை. நான் இப்போது பாத்ரூம் கதவில் தமிழ், வங்காளம், இந்தி மூன்றிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன், தலை சுற்றினால் உடனே தண்ணீரை மூடிவிட்டு வெளியே வரச் சொல்லி. வங்காளத்தில் எழுதிக் கொடுத்தது ரூமில் தங்கியிருந்த ஒரு பையன். பாத்ரூமுக்கு வெளியே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டியிருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்கிறோம், தீ மஞ்சளாகத் தெரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுகிறோம். யாராவது மயங்கினால் முதலில் வெளிக்காற்றுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டு, அப்புறம் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இதைப் படிக்கிறவர்களில் பக்கத்து வீட்டுக் குழாயால் கஷ்டப்படுகிறவர்களும் இருப்பீர்கள். சத்தம் போடுவதற்கு முன் அந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உங்கள் ஜன்னலோரம் ஒரு பத்து நிமிடம் ஊதுபத்தியோடு உட்கார வையுங்கள். வர மாட்டேன் என்பவரிடம் இந்தக் கடிதத்தைக் கத்தரித்துக் கொடுங்கள்.

எங்கள் சந்தின் படம் இரண்டு இணைத்திருக்கிறேன், குழாய் முன்பு இருந்த இடமும் இப்போது இருக்கும் இடமும். போடுவதாக இருந்தால் அக்கா வீட்டு ஜன்னல் யாருடையது என்று தெரியாத மாதிரி போடுங்கள். படத்தில் ஜன்னல் திறந்திருக்கிறது, கொசுவலை புதிது, நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தோட்டப்பாளையம், வேலூர்.